தைத்து வைத்த பக்கங்கள்

மாமா மதராஸுக்குப் போனால் எனக்குப் பெப்பர்மிட்டும் அத்தைக்குக் கண்ணாடி வளையலும் வாங்கி வருவது வழக்கம். அந்த முறை ஒரு புத்தகம் வாங்கி வந்தார். பெண்களுக்கென்றே எழுதியது. வீட்டு வேலை, குடும்பம், உடம்பு, மனசு எல்லாவற்றுக்கும் அதில் வழி சொல்லியிருந்தார்கள். அத்தைக்கு எழுத்து தெரியாது என்பதை மாமா மறந்துவிடவில்லை. அதற்குத்தான் நான் இருந்தேனே. பள்ளிக்கூடப் படிப்புக்காக என்னைக் குடியாத்தத்திலிருந்து ஆம்பூரில் அவர்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நாலாம் வகுப்பு. படிப்பில் நான் புலி என்று எனக்கே ஓர் எண்ணம்.

அத்தை அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். தாயில்லாதவள். தலைப்பிரசவத்துக்குப் போக வீடும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. அந்தக் குறையைப் புத்தகம் தீர்த்துவிடும் என்று மாமா நம்பினார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசிப்பு நடக்கும். அத்தை துணி தைத்துக்கொண்டே கேட்பாள். அக்கம்பக்கத்து ரவிக்கைகள் எல்லாம் அவள் கைத்தையல்தான். எறும்பு வரிசை மாதிரி நெருக்கமாக, நேராக இருக்கும். புத்தகத்தை எழுதியவர் ஓர் ஆண். ஒருநாளும் அடுப்பு ஊதியிருக்க மாட்டார். குடும்பப் பெண் தினமும் விடியற்காலையில் நல்ல காற்றில் அரைமணி நேரம் உலாவ வேண்டும் என்று எழுதியிருந்தார். அதை நான் ராகம் போட்டு வாசித்தபோது, மாமா வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியிலிருந்து ஊறின தோலும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

"நல்ல காத்துக்கு எந்த ஊருக்குப் போறது பாப்பா?" என்றாள் அத்தை. இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம்.

புத்தகத்தின் நடுவில் ஏழெட்டுப் பக்கங்கள் மட்டும் திறக்காது. கர்ப்பம், பிரசவம் பற்றிய பகுதி அது. ஒன்பது வயதுப் பெண் அதையெல்லாம் வாய்விட்டு வாசிப்பதா என்று மாமாவுக்குக் கூச்சம். தோல் கட்டுகளைத் தைக்கிற கோணி ஊசியையும் மெழுகு நூலையும் டேனரியிலிருந்து கொண்டுவந்து, அந்தப் பக்கங்களின் ஓரத்தை நாலைந்து நீளத் தையலாகத் தைத்துவிட்டார்.

"இந்தப் பக்கத்த நானே படிச்சுச் சொல்லிக்கறேன். நீ பிரிக்கக் கூடாது" என்று என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினார்.

அவர் படித்துச் சொல்லவே இல்லை. பெண்டாட்டியிடம் அந்தச் சங்கதியைப் பேசுவதற்கு அவருக்கு அவ்வளவு வெட்கம். எந்தப் பக்கங்களுக்காகப் புத்தகம் வாங்கினாரோ அந்தப் பக்கங்களையே தைத்து வைத்த மனிதர் அவர்.

எட்டாம் மாதம் அத்தைக்குக் கால் வீங்கியது. மெட்டி கழலாமல் சதையில் புதைந்துகொண்டது.

"பாப்பா, கால் வீக்கத்துக்கு அதுல இன்னா போட்டிருக்கு?"

"வாசிச்ச வரைக்கும் ஒண்ணும் இல்ல அத்தை."

"தைச்ச பக்கத்துல இருக்குமோ? ஒரே ஒரு தபா பிரிச்சுப் படியேன். மாமாகிட்ட சொல்ல மாட்டேன்."

நான் மாட்டேன் என்றேன். சத்தியத்தை மீறினால் மாமாவின் தலை வெடித்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். பெரியவள் ஒருத்தி கேட்டும் முடியாது என்று சொல்வதில் இருந்த ஜம்பம் இன்னொரு பக்கம். "சரி, வேணாம் வுடு" என்றாள் அத்தை. இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாமே என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. விளையாட நேரம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மறுநாளிலிருந்து பாயைச் சுருட்டி வைத்து, அதன்மேல் கால்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுக்க ஆரம்பித்தாள். "ராணியம்மா மாதிரி படுத்துக்கினு இருக்கியே" என்று கேலி செய்தேன். சிரித்தாள். பிறகு தலைவலி என்றாள். பட்டப்பகலில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டு, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். கோத்துக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

அதிலிருந்து நாலாம் நாள் அவளுக்கு வலிப்பு கண்டது. மாமா ஜட்கா பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வண்டி பள்ளிகொண்டாவைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையும் அவளோடு போய்விட்டது.

மாமா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புத்தகத்தை அத்தையின் புடவைகளோடு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் காலமான பிறகு பெட்டி என்னிடம் வந்தது. அப்போது நானும் இரண்டு பெற்றவள்.

தையலை வெட்டலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அது மாமாவின் தையல் இல்லை. அவர் குத்திய பெரிய ஓட்டைகள் காலியாக இருந்தன. பக்கத்திலேயே நெருக்கமாக, நேராக, ரவிக்கைக்குப் போடுகிற தையல். அத்தை பிரித்திருக்கிறாள். எனக்குத் திட்டு விழக் கூடாதென்று திரும்பவும் தைத்து வைத்திருக்கிறாள். அவள் கைபட்ட அந்த நூலை வெட்ட எனக்கு மனசே வரவில்லை. அழுதுகொண்டேதான் வெட்டினேன்.

உள்ளே ஒரு படம் இருந்தது. கர்ப்பிணி ஒருத்தி சுருட்டிய பாயின்மேல் கால்களைத் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறாள். படத்தின் கீழே இரண்டு வரி. "கால் வீக்கத்துடன் தலைவலியும் பார்வை மங்கலும் உண்டானால் இவ்வோய்வு போதாது. தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க."

படத்தைப் பார்க்க அத்தைக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. பார்த்தபடியே செய்தாள். அந்த இரண்டு வரிக்குத்தான் நாலாம் வகுப்புப் படித்தவள் ஒருத்தி வேண்டியிருந்தது. ஊசியில் நூலைக் கோத்து அவள் கையில் கொடுத்த அன்றைக்குக்கூட அது எனக்குத் தெரியவில்லை.