தண்ணீருக்கு மேலே ஒரு விரல்

எங்கள் பள்ளத்தாக்கில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். யாருடைய முறை எப்போது முடிந்தது என்று தகராறு வராத வருஷமே கிடையாது. வெர்ல் ஆகார்ட் மடை பார்த்த காலத்தில் மட்டும் வரவில்லை. சொந்த வயல் பாதி நனைந்து பாதி காய்ந்து கிடந்தாலும், தன் முறை முடிந்துவிட்டால் பலகையை இறக்கிவிட்டுப் போகிற மனிதர் அவர். "வெர்ல் அடைச்சா நோவா காலத்து வெள்ளமே நின்னுருக்கும்" என்று என் கணவர் லாவெல் கேலி செய்வார்.

வான்கோழிப் பண்ணை, மனைவி நெட்ரா, மகன் கெண்டல், எங்கள் மார்மன் கிறிஸ்தவ சபை. இவ்வளவுதான் அவர் உலகம். எங்கள் ஊரில் ஒற்றைப் பிள்ளை உள்ள வீடு அபூர்வம். நெட்ராவுக்கு அதற்கு மேல் தங்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் குடும்பத்துக்கு என்று ஒதுக்கியது. பண்ணையில் என்ன வேலை கிடந்தாலும் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டு, கொஞ்சம் வேதம், ஒரு ஜெபம், கடைசியில் நெட்ராவின் ஆப்பிள் கேக். நெட்ரா மெட்டைப் பாடுவாள். வெர்ல் அதற்குக் கீழே அடிக்குரல் பகுதியைப் பாடுவார். அதைத் தவிர வேறு எதையும் அவர் பாடி நான் கேட்டதில்லை.

கெண்டல் வளர்ந்ததும் மற்றப் பையன்களைப் போல ஊரூராய்ப் பிரசங்கம் செய்கிற சபை ஊழியத்துக்குப் போகவில்லை. பக்கத்து மாநிலமான வயோமிங்கில் சுரங்க வேலைக்குப் போனான். அங்கே எங்கள் சபை தொடக்கூடாது என்கிற பீர், காப்பி, சபையில் சேராத ஷானா என்கிற பெண். வெர்ல் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் உபவாசம் இருப்போம். அவர் ஒவ்வொரு மாதமும் மகன் பேரில்தான் அந்தப் பட்டினி கிடந்தார்.

கெண்டலின் மகள் மார்லிக்கு எட்டு வயது நிறைந்தபோது அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எங்கள் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெறுகிற வயது அது. அன்று வெர்ல் தொப்பிகூடப் போடாமல் சாலையைக் கடந்து எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"லாவெல், கெண்டல் தன் கையாலயே மகளுக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறானாம். பீரை விட்டுட்டான். காப்பியை விட்டுட்டான். அங்க பிஷப்பும் சரின்னுட்டாராம். இங்க நம்ம சபைத் தொட்டியிலதான் வேணும்கிறான்."

"காப்பியையுமா? அப்ப உண்மையாத்தான் இருக்கும்" என்றார் லாவெல்.

சாட்சிகளாக வெர்லும் லாவெலும் நின்றார்கள். மூழ்குகிறவரின் தலைமுடி, துணி, விரல் எதுவும் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடியும் மூழ்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் தொட்டியின் இரண்டு பக்கமும் சாட்சிகள். நான் பியானோவில் இருந்தேன்.

கெண்டல் வெள்ளை உடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். ஜெபத்தைச் சொன்னான். குழந்தையைப் பின்னால் சாய்த்து முக்கி எடுத்தான்.

வெர்ல் தலையை ஆட்டினார். "கால் கட்டைவிரல் மேல வந்துடுச்சு. இன்னொரு தடவை."

எல்லோரும் சிரித்தோம். இது அடிக்கடி நடப்பதுதான். இரண்டாவது தடவையும் அவர் தலையை ஆட்டினார். அப்போது சிரித்தவர்கள் குறைவு. மூன்றாவது தடவை மார்லி தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே எழுந்தாள். பிஷப் லாவெலைப் பார்த்தார்.

"என் பக்கம் நல்லாத்தான் முங்கினா" என்றார் லாவெல்.

"வந்துச்சு. நான் பாத்தேன்" என்றார் வெர்ல்.

"அப்பா, போதும். குழந்தை நடுங்குறா."

"நானே குடுக்கணும்னு நீதானே கேட்ட? சரியாக் குடு."

 கெண்டல் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினான். உடை மாற்றவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டச் சபைக் கூடத்தின் நடுவே நடந்து போய்க் காரில் ஏறினான். நெட்ரா செய்துவைத்த கேக்கை யாரும் தொடவில்லை. எங்கள் ஊரில் பொது விருந்துக்குக் கொண்டுபோகிற தட்டின் அடியில் பெயர் எழுதி ஒட்டுவோம். தட்டு வீடு திரும்ப வேண்டுமே. அன்று நெட்ரா அந்தத் தட்டை நிரம்பியபடியே வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

அதற்கப்புறம் கெண்டல் சபைக்கும் வரவில்லை, அப்பா வீட்டுக்கும் வரவில்லை. நெட்ரா இறந்தபோது கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனான்.

வெர்ல் தான் செய்தது தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "அரைகுறையாப் பண்ணி அனுப்பினா நஷ்டம் அவளுக்குத்தானே?" என்பார். திங்கட்கிழமைகளையும் அவர் விடவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து அவர் கூடத்து விளக்கு தெரியும். கோடையில் ஜன்னல் திறந்திருந்தால் பாட்டும் கேட்கும். அடிக்குரல் பகுதி மட்டும். பியானோ வாசிக்கிற எனக்கே அது எந்தப் பாட்டு என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

போன அக்டோபரில் மறுபடியும் சாலையைக் கடந்து வந்தார். இப்போது எண்பத்து மூன்று வயது, கைத்தடி. சபையில் நாங்கள் ஒருவரையொருவர் பிரதர், சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

"சிஸ்டர், மார்லி பேசினா. கைக்குழந்தையோட வர்றாளாம், திங்கட்கிழமை. நீங்களும் வந்து இருங்க. எனக்குப் பேச வராது."

"லாவெல் இருந்திருந்தா பேசியே ஆளைத் தொரத்தியிருப்பாரு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நெட்ரா கேக்கில் பட்டைப்பொடி எவ்வளவு போடுவாள் என்று கேட்டார்.

மார்லி உயரமாக, நெட்ராவின் நெற்றியோடு வந்து நின்றாள். குழந்தையைத் தாத்தாவின் மடியில் வைத்தாள். அவர் இரண்டு கைகளையும் அசைக்காமல், தளும்பும் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் வானிலை, பாதை, குழந்தையின் தூக்கம் பற்றிப் பேசினோம். அப்புறம் அவள் சொன்னாள்:

"தாத்தா, அப்பாவும் வந்திருக்காரு. ஊர் முனை பெட்ரோல் பங்க்ல கார்ல உக்காந்திருக்காரு."

வெர்ல் நிமிர்ந்தார்.

"நான்தான் பேசிப் பேசிக் கூட்டிட்டு வந்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறாரு. அன்னிக்கு நீங்க தப்பாப் பாத்திருக்கலாம்னு சொல்லணும். அவ்வளவுதான். சொன்னா உள்ள வர்றேங்கிறாரு."

குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

"தண்ணியில வெளிச்சம் பட்டா எது எதுவோ தெரியும், பிரதர்" என்றேன் நான்.

"கண்ணாடியைத் தொடைக்கலன்னு சொல்லுங்க தாத்தா. நான் நம்புறேன்" என்று மார்லி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப எனக்குக் கண்ணாடியே கெடையாதும்மா" என்றார் வெர்ல். "விரல் வந்துச்சு. பாக்கலன்னு என்னால சொல்ல முடியாது."

அவள் எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். போர்வையைச் சுற்றினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"நான் அழுதேனே தாத்தா. அதைப் பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். பாவனைக்கு யோசிக்கிறவர் இல்லை அவர். அந்தத் தொட்டிப் பக்கம் மறுபடியும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தது போலிருந்தது.

"இல்ல" என்றார். "நான் காலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். உன் முகத்தை ஒரு தடவைகூடப் பாக்கல. அவன் முகத்தையும்தான். அது தப்பு. அதை வேணா அவன்கிட்ட சொல்லு."

"அவரு கேட்டது இது இல்லையே, தாத்தா."

"தெரியும்."

அவள் போனதும் அவர் சமையலறைக்குப் போய்க் கேக்கில் சரிபாதியை வெட்டி ஒரு தட்டில் எடுத்துவைத்தார். வாசலுக்கு வந்து நின்றார். மார்லியை ஏற்றிக்கொண்டு கெண்டலின் கார் வந்தது. சந்து முனையில், வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றது. இஞ்சின் அணையவில்லை. கதவும் திறக்கவில்லை.

வெர்ல் கைத்தடியை என்னிடம் கொடுத்தார். தட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சரளைப் பாதையில் முழங்காலை இழுத்து இழுத்து நடந்தார். நான் கூடப் போகவில்லை. கார் எந்த நிமிஷமும் கிளம்பிவிடும் என்று நினைத்தேன். அது நின்றுகொண்டே இருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே வந்து தட்டை வாங்கியது. வெர்ல் பாதையோரம் ஒதுங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கார் மெதுவாகப் போனது.

அவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"ஏதாவது சொன்னானா?"

"இல்ல. தலை நரைச்சுப் போச்சு அவனுக்கு." கைத்தடியை வாங்கிக்கொண்டார். "அது நெட்ராவோட தட்டு, சிஸ்டர். அடியில பேரு இருக்கு."

எங்களுக்குள் வாங்கிய தட்டை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஏதாவது பண்ணி நிரப்பி, நேரில் கொண்டுவந்து கொடுப்பதுதான் பழக்கம். கெண்டல் அந்த வீட்டில் வளர்ந்தவன்; அவனுக்கும் தெரியும்.

இப்போது ஜனவரி. நான் ரொட்டியோ சூப்போ கொண்டுபோனால் வெர்ல் முதலில் பாத்திரத்தைப் பார்க்கிறார், பிறகுதான் என்னை. திங்கட்கிழமை விளக்கு எரிகிறது. ஜன்னல்கள் சாத்தியிருப்பதால் பாட்டு கேட்பதில்லை. நேற்று சபை முடிந்து காருக்கு நடக்கும்போது கேட்டார்:

"வயோமிங் ரோட்டைப் பனியில மூடிட்டாங்களாமே?"

நான் செய்தியில் பார்த்திருந்தேன். முந்தாநாளே திறந்துவிட்டார்கள்.

"ஆமா பிரதர், மூடித்தான் இருக்கு" என்றேன்.