மூட்டில் பிழையில்லை

என் மனைவிதான் முதலில் கண்டாள். ஞாயிறு பூசை முடிந்து கொட்டாஞ்சேனையில் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். கல்யாணம் செய்யாதவர். பெற்றோர் இருந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறார். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் வேலை. பாண் ரொட்டியைக் கை நிறையப் பிய்த்துச் சாப்பிடுகிற மனிதர், அன்று நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பல்லிடுக்கால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். உறைப்பான கட்டச் சம்பலைத் தொடவேயில்லை.

“வாயைத் திற அண்ணா, பாப்பம்.”

“என்னடி, பொலிஸ் மாதிரி?”

“திறவன்.”

திறந்தார். தாடையோடு நாடி கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

“போன கிழமை நண்டுக் கால் கடிச்சனான். டக் எண்டு சத்தம் கேட்டது. மூட்டு விலகியிட்டுது, அவ்வளவுதான்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “கலியாணம் கட்டின ஆம்பிளையளுக்குத்தான் மச்சான் வாய் திறக்காது எண்டு நினைச்சன். எனக்குச் சும்மாவே வந்திட்டுது.”

சிரித்தோம். நண்டுக் கால், சத்தம், மூட்டு: எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியிருந்தன. இவ்வளவு ஒழுங்காக வரும் செய்தியை நான் வேலை செய்யும் பத்திரிகையில் இன்னொரு முறை விசாரிக்காமல் விடுவதில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு கண்ணாடி முன் நின்று காதுகளுக்கு முன்னால் விரல்களை வைத்து வாயைத் திறந்து மூடிப் பார்த்தேன். தாடை எலும்பின் இரண்டு நுனிகளும் அங்கேதான் மண்டையோட்டின் குழிகளில் பொருந்தியிருக்கின்றன. எலும்புக்கும் குழிக்கும் நடுவில் மெல்லிய தட்டு ஒன்று உண்டு. வாயைத் திறக்கத் தொடங்கும்போது அந்த நுனி கதவுப் பிணைச்சல் போலச் சுழல்கிறது. மேலும் திறந்தால் தட்டோடு சேர்ந்து முன்னால் வழுக்கி வருகிறது. அதை விரலுக்கடியில் உணரலாம். ஒரு பக்கத்துத் தட்டு நழுவி வழியை அடைத்தால், அந்தப் பக்கம் வழுக்காது, திறக்கும்போது நாடி அந்தப் பக்கமாகக் கோணும் என்று வாசித்தேன்.

அவருடைய நாடி கோணவில்லை. நேராக இறங்கி, நேராக நின்றது.

மனைவியிடம் சொன்னேன்.

“அப்ப மூட்டு இல்லையோ?”

“எனக்கென்ன தெரியும். மூட்டு மாதிரித் தெரியேல்ல.”

துறைமுகத்து வேலையில் கண் அசராமலிருக்க மச்சான் பல வருடங்களாகப் பாக்குப் பக்கெட் மெல்லுகிறவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். பாக்கு வாயில் என்ன கொண்டுவரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எங்கள் வீடுகளில் புற்றுநோயைப் பெயர் சொல்லிக் கதைப்பதில்லை. ‘அந்த வருத்தம்’ என்பார்கள். அன்று நாங்கள் அதையும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அவள் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தபோது, மட்டக்குளியில் எலும்பு முறிவு பார்க்கும் நாட்டு வைத்தியரான வெதமாத்தயாவிடம் போய் வந்துவிட்டதாகச் சொன்னார். எண்ணெய் போட்டுக் கட்டியிருக்கிறாராம். மச்சானின் குரல் பல்லுக்குள்ளிருந்து வந்தது. உடனே பஸ் ஏறினோம்.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளைத் துணி ஒன்று நாடிக்குக் கீழே போய், இரண்டு கன்னங்களையும் அணைத்து ஏறி, உச்சந்தலையில் முடிச்சாகியிருந்தது. இறந்தவரின் வாய் திறந்துகொள்ளாமலிருக்க நாங்கள் அப்படித்தான் கட்டுவோம். இந்த வீட்டுக் கூடத்தில் அவர்களுடைய அப்பாவைக் கிடத்தியபோது, நாடியைச் சேர்த்துப் பிடித்துக் கட்டியவர் இந்த அண்ணன்தான்.

“கழட்டு.”

“மூண்டு நாளைக்கு அவிழ்க்க வேண்டாமெண்டு...”

“கழட்டச் சொல்றனெல்லே!”

அவர் கையை உயர்த்துமுன் அவளே எட்டி முடிச்சை அவிழ்த்தாள். எண்ணெயில் ஊறிய முடிச்சு லேசில் வரவில்லை. துணி வந்ததும் அதைச் சுருட்டிக் குப்பை வாளியில் போட்டாள்.

“ஏன்டி, நான் செத்தா நீ வந்து கட்ட மாட்டியோ?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கன்னத்தில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “சரி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்றார்.

அங்கே எங்களைப் பார்த்தவர் இளம் சிங்கள டொக்டர். அவரும் காதுகளுக்கு முன்னால்தான் முதலில் விரல் வைத்தார். திற, மூடு, பக்கத்துக்கு அசை. மூட்டில் பிழையில்லை என்றார். மச்சான் எங்களைத் திரும்பிப் பார்த்து, தேர்வில் பாஸானவர் போலத் தலையாட்டினார். டொக்டர் முடிக்கவில்லை. நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பற்களுக்கிடையே வைக்கச் சொன்னார். இரண்டுதான் போயின. பிறகு கன்னத்தைச் சிறு கண்ணாடியால் விலக்கி, உள்ளே வெளிச்சம் அடித்தார். சிவப்பாக இருக்கவேண்டிய தோல் வெளிறிப் போய், நடுவில் இறுகிய கயிறு போலத் தடித்த வரிகள் ஓடின. என்னையும் பார்க்கவிட்டார்.

“புவக் கனவாத?” பாக்குப் போடுவீர்களா என்று கேட்டார்.

“நே”, இல்லை என்றார் மச்சான்.

“ஓவ்”, ஆம் என்றாள் மனைவி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. டொக்டர் மனைவியின் பதிலை எழுதிக்கொண்டார்.

கன்னத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை மனைவி ஒவ்வொரு நாளும் காலையில் தேவாலயத்துக்குப் போய் வந்தாள். நான் அலுவலகத்தில் ஒரே பந்தியைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது: இப்போதைக்கு அந்த வருத்தம் இல்லை. தோல் இறுகியிருக்கிறது. இறுகியது பழையபடி இளகாது. அது பின்னொரு காலத்தில் அந்த வருத்தமாக மாறவும் கூடும். ஆகவே பாக்கை அடியோடு விடவேண்டும், தவணை தவறாமல் வந்து காட்டவேண்டும்.

“இப்போதைக்கு எண்டா எவ்வளவு காலத்துக்கு?” என்று மச்சான் கேட்டார். டொக்டர் அடுத்த தவணைத் திகதியை எழுதிக் கொடுத்தார்.

வாயைத் தளர்த்த ஐஸ்கிறீம் குச்சிகளைப் பற்களுக்கிடையே அடுக்கிப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். செய்கிறார். பாக்கை விட்டுவிட்டதாகவும் சொல்கிறார். மனைவி அவருடைய சொல்லை நம்புவதில்லை. மாலையில் வீடியோ அழைப்பு எடுத்து, வாயைக் காட்டச் சொல்கிறாள். அவர் ஃபோனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவருவார். திரையில் பல்லும் இருட்டும்தான் தெரியும்.

“வெளிச்சத்துக்கு வா அண்ணா. இன்னும் திற.”

“இதுக்கு மேல திறக்காதுடி.”

அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் திரையை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.