டிக் கேட்பதற்கு முன்

பட்டறையில் அவளுக்குப் பொட்டு அக்கா என்று பெயர். வைத்தது டிங்கர் வேலை பார்க்கிறவர். வண்டியின் நெளிவை எடுக்கத் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தன் வாயின் நெளிவை எடுக்கத் தெரியாது. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம் முதலாளியே அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும் விட்டுவிட்டாள்.

பெயருக்குக் காரணம் அவள் வேலை. கியர்பாக்ஸை இறக்கிப் பழுது பார்த்து, மறுபடி எஞ்சினோடு சேர்த்து, மெக்கானிக் போல்ட்டுகளை முறுக்கி முடித்தபிறகு அவள் வருவாள். கையில் நீளமான டார்க் ரெஞ்சு, சட்டைப் பையில் மஞ்சள் பெயிண்ட் பேனா. எந்தப் போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்று வண்டி செய்தவர்கள் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். ரெஞ்சின் பிடியைத் திருகி அந்த எண்ணில் நிறுத்தி, போல்ட்டில் மாட்டி இழுப்பாள். போல்ட் அசையாமல் ரெஞ்சு 'டிக்' என்றால் சரி. டிக் கேட்பதற்கு முன் போல்ட் திரும்பினால் இறுக்கம் போதவில்லை. சரியான போல்ட்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு வைப்பாள், பாதி போல்ட் தலையில், பாதி கியர்பாக்ஸ் உடம்பில் படும்படி. பிற்பாடு போல்ட் கொஞ்சம் நகர்ந்தாலும் பொட்டு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் பட்டறைக்கு வந்தது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பதற்குத்தான். அரைகுறை வேலை அவளுக்கு ஆகாது. கழுவிய பல்சக்கரத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து மறுபடி தொட்டியில் போடுகிற ஆள். ஒரு மெக்கானிக் வேலையை இன்னொரு மெக்கானிக் சரிபார்த்தால் ஸ்பேனர் பறக்கிற பட்டறை அது. அதனால் முதலாளி ரெஞ்சைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். அவளோடு சண்டை போட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்று எல்லோரும் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு கண்டிப்பான வழக்கம் மட்டும் உண்டு. போல்ட் திரும்பினால் அவள் அதை இறுக்கக் கூடாது. முறுக்கியவரைப் பட்டறைக்கே கேட்கிற மாதிரி கூப்பிட வேண்டும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் தாண்டி நடந்து வந்து, தானே முறுக்கிக் கொடுக்க வேண்டும். அந்த நடைக்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக வேலை செய்தார்கள். யாரையும் கூப்பிட அவள் தயங்கியதில்லை. முதலாளியின் தம்பியையே ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

அவள் புருஷனை மட்டும் கூப்பிட வேண்டி வந்ததே இல்லை.

அவர் அதே பட்டறையில் கியர்பாக்ஸ் மெக்கானிக். பட்டறைப் பெயர் மீட்டர். சாதா ஸ்பேனரால் கைக்கணக்கில்தான் முறுக்குவார். அவள் ரெஞ்சை மாட்டினால் போல்ட் அசையாது, டிக். அடுத்தது டிக். பக்கத்துப் பட்டறைகளிலிருந்து ஆட்கள் வந்து பந்தயம் கட்டித் தோற்றுப் போவார்கள். அவர் சிரிக்கக்கூட மாட்டார். அதிகம் பேசாத, எதற்கும் ஆசைப்படாத மனுஷன். பெருமை என்று அவருக்கு இருந்ததெல்லாம் அந்த வலது கைதான். அவளுக்கும் அந்தக் கையில் பெருமை. அவரைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தான் என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள், அவர் முறுக்கிய போல்ட் அவள் ரெஞ்சில் திரும்பியது.

திரும்பியது கொஞ்சம்தான். அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று கையை உதறிக்கொண்டிருந்தார். அவள் டிக் வரும்வரை தானே இழுத்து, பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள். ஒரு தடவைதானே என்று நினைத்தாள். அடுத்த வாரமும் திரும்பியது. அதன்பிறகு எந்த வண்டியிலும் ஒன்றிரண்டு திரும்பின. போகப்போக எல்லாமே திரும்பின. அவள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் இறுக்கிப் பொட்டு வைத்தாள்.

வீட்டிலும் கண் இருக்கிறதே. காலையில் எழுந்ததும் கையை உதறுவார். சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவார். டம்ளர் கை நழுவி விழும். கேட்டால், "அமுக்கிப் படுத்துட்டேன், மரத்துப்போச்சு" என்பார். ஒரு நாள் மனசு கேட்காமல் சொன்னாள்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாங்க."

"எதுக்கு? கைக்கு என்ன? நான் முறுக்கினது ஒண்ணாவது உன் ரெஞ்சுல திரும்பியிருக்கா, சொல்லு."

வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். "இல்ல" என்றாள். தைலத்தை எடுத்து மணிக்கட்டில் தேய்த்துவிட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளையின் காரில் கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. மகளும் மாப்பிள்ளையும் பேத்தியை அழைத்துக்கொண்டு அதே காரில் இரண்டு நாள் தங்க வந்தார்கள். அவர்கள் ஊருக்கு மலைப்பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். "வெளியில எதுக்குக் கொடுக்கணும், நான் இருக்கேன்ல" என்று அவள் புருஷன் கொல்லைக் கொட்டகையிலேயே கியர்பாக்ஸை இறக்கிவிட்டார். அவள் முதலாளியிடம் கேட்டு டார்க் ரெஞ்சைப் பெட்டியோடு வீட்டுக்கு எடுத்து வந்து அலமாரிமேல் வைத்தாள், பக்கத்தில் மஞ்சள் பேனாவையும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கையைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. தங்கைக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். கிளம்பும்போது கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "நான் வந்து பொட்டு வச்ச பிறகுதான் வண்டி கிளம்பணும்" என்றாள்.

"மாப்பிள்ளை வண்டிக்குமா? உன் அதிகாரம் வீட்டுலயும் வந்துருச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. நல்ல குஷியில் இருந்தார். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். அங்கேதான் அசந்துவிட்டாள். விளையாட்டாகச் சொன்னதை யார் கட்டளையாக எடுத்துக்கொள்வார்கள்?

மத்தியானம் திரும்பி வந்தால் கொட்டகை காலி. தரையில் எண்ணெய்க் கறை, ஜாக்கி, கந்தல் துணி. அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வண்டி எங்கங்க?"

"இருட்டுறதுக்குள்ள மலையைத் தாண்டணும்னார் மாப்பிள்ளை. அனுப்பிட்டேன். உனக்கும் வேலை வைக்கல. உன் பேனாவை எடுத்து நானே பொட்டு வச்சுட்டேன். உன்னைவிட அழகா வச்சிருக்கேன், போ."

அவள் உள்ளே ஓடிப் பார்த்தாள். அலமாரிமேல் ரெஞ்சுப் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.

போல்ட் தளர்வாக இருந்தால் உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் கொடுமை. வண்டி ஓடும். அதிரும். அதிர அதிர இன்னும் தளரும். மலையில் கியரை மாற்றி மாற்றி ஏறும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடம் விரிசல் விட்டாலும் விடும். வளைவில், லாரி பின்னால் வருகையில், வண்டி இழுவை இல்லாமல் நின்றுபோகலாம். உள்ளே பேத்தி இருக்கிறாள்.

போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். அவருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று அப்போதும் ஒரு நப்பாசை.

"எங்கடி இருக்கீங்க?"

"அடிவாரத்துல, பெட்ரோல் பங்க்லம்மா" என்றாள் மகள். "பாப்பா பாத்ரூம் போகணும்னா. இப்போ கிளம்பிடுவோம்."

"கிளம்பாதீங்க. பாப்பா ஸ்வெட்டரை விட்டுட்டீங்க. கொண்டு வரேன்."

"ஸ்வெட்டரை அவ போட்டுட்டுதான்மா இருக்கா."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அடுத்த பொய் கைவசம் இல்லை. "அப்ப சும்மா நில்லுங்க. வண்டியை எடுக்கக் கூடாது. நான் ரெஞ்சோட வரேன்."

"எதுக்கு? அப்பா வேலை பாத்த வண்டிம்மா இது."

"தெரியும். அதான் சொல்றேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் சொன்னாள். "அப்பா கை முன்ன மாதிரி இல்லடி. கொஞ்ச நாளா அவர் முறுக்கினது எதுவுமே நிக்கல. நான்தான் பட்டறையில யாருக்கும் தெரியாம இறுக்கிட்டு இருக்கேன்."

திரும்பினால் கொட்டகை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் ரெஞ்சுப் பெட்டியையும் பேனாவையும் எடுத்து வந்தார். ஸ்கூட்டர் சாவிக்குக் கை நீட்டியவர், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பங்கின் ஓரத்தில் எண்ணெய் மாற்றுவதற்கென்று கட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை காரை அதன்மேல் நிறுத்தியிருந்தார். "ஒண்ணும் இருக்காது அத்தை, வண்டி நல்லாத்தான் ஓடுச்சு" என்று மாமனாருக்காகப் பேசிப் பார்த்தார். நல்ல பிள்ளை. அவளும் புருஷனும் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். அவர் இடது கையில் டார்ச்சைப் பிடித்தார்.

மஞ்சள் பொட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. உண்மையிலேயே அவள் வைப்பதைவிட அழகாக, ஒரே அளவில் இருந்தன.

முதல் போல்ட்டில் ரெஞ்சை மாட்டி இழுத்தாள். டிக் வரவில்லை. போல்ட் திரும்பியது. பொட்டில் ஒரு பாதி கியர்பாக்ஸில் நின்றுவிட்டது, மறுபாதி போல்ட்டோடு நகர்ந்து போனது. அப்புறம்தான் டிக். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இன்னும் அதிகமாகத் திரும்பியது. அவர் டார்ச்சைப் பொட்டுக்கு அருகே கொண்டுபோனார்.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"போன மழைக்கு முன்னாலருந்து."

"எல்லா வண்டியுமா?"

"முதல்ல ஒண்ணு ரெண்டு. இப்பல்லாம் எல்லாந்தான்."

"முதலாளி தம்பியைக் கூப்பிட்ட. டிங்கரோட மச்சானைக் கூப்பிட்ட. என்னை மட்டும் ஏன் கூப்பிடல?"

"எல்லார் முன்னாடியும் உங்களை நடக்கவைக்க மனசு வரலைங்க."

அவர் அந்தப் பிளந்த பொட்டுகளையே பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். "கை மரத்துப்போறப்பல்லாம் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா பட்டறையில உன் பொட்டைப் பாப்பேன். இவ வச்சிருக்கா, அப்ப கை சரியாத்தான் இருக்குன்னு நினைச்சுப்பேன். டாக்டர்கிட்ட போகாததே அதனாலதான். உன் பொட்டைத்தான் நம்பினேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மிச்சப் போல்ட்டுகளை இறுக்கினாள். பிளந்த பொட்டுகளைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பும்போது பேத்தி கையாட்டினாள். தாத்தா இடது கையால் ஆட்டினார்.

மறுநாளே டாக்டரிடம் போனார்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் அந்த அம்மா. சின்ன ஆபரேஷன்தான், ஆனால் பெருவிரலடிச் சதை இளைத்துப்போய்விட்டது, போன பலம் முழுசாகத் திரும்பாது. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா நல்லா ஆகியிருக்கும். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர், "வேலையில ஒண்ணும் தெரியல டாக்டர்" என்று சொல்லிவிட்டார். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்தபிறகு, முதலாளி அவரைச் சாமான் அறையில் உட்காரவைத்தார். கேட்கிறவர்களுக்கு சீல், பேரிங், போல்ட் எடுத்துக் கொடுக்கும் வேலை. பட்டறையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. டிங்கர்கூட வாயை மூடிக்கொண்டார். மீட்டர் என்று கூப்பிடுவதையும் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மரியாதைக்காகத்தான் நிறுத்தினார்கள். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அவர் இடத்துக்கு வந்த புது மெக்கானிக் முதல் கியர்பாக்ஸை ஏற்றி முடித்த அன்று அவள் ரெஞ்சோடு போனாள். இரண்டு போல்ட் டிக் என்றன. மூன்றாவது திரும்பியது. அவள் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து, புது மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். தான் நினைத்ததைவிடச் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் தாண்டி நடந்து வந்தார்.

சாமான் அறை ஜன்னல் வழியாக அவள் புருஷன் அந்த நடையை முழுசாகப் பார்த்தார்.

"இப்போ மட்டும் வாய் வருதா?" என்றார்.

சொன்னது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அவர் இடது கையால் டப்பாவைத் திறந்து, கேட்டு நின்றவருக்கு ஒரு போல்ட் எடுத்துக் கொடுத்தார்.