நைனா தண்ணீர் குடிக்காத வருடங்கள்

சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். அவலூர்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, மகள் எனக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்த நைனா அதைத் தொடவில்லை. கரும்பையும் அரிசிப் பையையும் வைத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல், "பஸ்ஸு வந்துடும், கெளம்பறேன்" என்று வந்த காலோடு செஞ்சிக்குத் திரும்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை என்றால் பகை என்று அர்த்தம். அவர் சீராகக் கொடுத்த கறவை மாட்டை நாங்கள் அப்போதுதான் விற்றிருந்தோம். அந்தக் கோபம்தான் என்று நானே முடிவு கட்டினேன். அடுத்த பொங்கலுக்குச் சீரைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பிறந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்தினேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் போக வேண்டியதாயிற்று. கொல்லையில் கொடி முழுக்க வேட்டிகள். "இன்னாம்மா, நைனா ஒரு நாளைக்கு எத்தினி வேட்டி கட்றாரு?" என்று கிண்டலாகத்தான் கேட்டேன். அம்மா அழுதுவிட்டாள்.

"அவருக்கு ஒண்ணுக்கு அடக்க முடியலடி. எழுந்து போறதுக்குள்ள வந்துடுது. பஸ்ஸுல நனஞ்சிடும்னு காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்காம கெளம்புவாரு. மாப்ள எதுர்ல ஆயிட்டா மானம் போயிடும்னு பயம்."

"அப்போ மாட்ட வித்ததுக்குக் கோவம் இல்லியா?"

"எந்த மாடு?" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்பாடா, என் நைனாவுக்கு என்மேல் கோபமில்லை! அந்த மனுஷன் இத்தனை நாளும் நாக்கு வறண்டு கிடந்தது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மகளோடு ஆஸ்பத்திரிக்கு வர அவர் ஒப்பமாட்டார். விஷயத்தை நான் சொல்ல, என் வீட்டுக்காரர்தான் எப்படியோ பேசிக் கூட்டிப்போனார். வயசானால் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்திருந்ததை டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ப்ராஸ்டேட் வீங்கியிருக்கிறது, மாத்திரை இருக்கிறது என்றார். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கடுத்து அவசரம் இன்னும் கூடும், பகலில் நன்றாகக் குடியுங்கள், வருகிறதோ இல்லையோ நேரம் வைத்துப் போய்விட்டு வாருங்கள் என்றார். பயணத்தில் வேட்டி நனையாமலிருக்கப் பேட் வைத்துக்கொள்ளச் சொன்னதும் நைனா முறைத்தாராம். "எங்கப்பாவும் வச்சிக்குனாரு மாமா" என்று என் வீட்டுக்காரர் ஒரு போடு போட்டிருக்கிறார். சுத்தப் பொய். ஆனால் அந்தப் பொய்க்காக அவருக்கு நான் என்ன வேண்டுமானாலும் சமைத்துப் போடுவேன்.

இந்தப் பொங்கலுக்கு நைனாவே சீர் கொண்டுவந்தார். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது, இருந்தாலும் முகத்தில் அந்தப் பதற்றம் இல்லை. சாப்பிட்டார், பேரப்பிள்ளைகளோடு டிவி பார்த்தார். சாயங்காலம் பஸ் நேரமானதும் பழக்கதோஷத்தில் அவர் பையை எடுத்து வைத்தேன்.

"இன்னா, வெரட்டற?" என்றார். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்."

கல்யாணமாகி நான் இங்கு வந்தபின் அவர் என் வீட்டில் தங்கியதே இல்லை. நான் பையைத் திரும்ப உள்ளே எடுத்துப்போக, மாப்பிள்ளை எதிரிலேயே சத்தமாகச் சொன்னார்:

"பாய மட்டும் பாத்ரூம் கிட்ட போடு."