விமானத்தில் போன பால்

மாடி வீட்டு பேரிங் சாரை எனக்கு ஆகவே ஆகாது. ஐம்பத்தைந்து வயதாகிறது, கல்யாணமும் இல்லை, நாலு வார்த்தை பேச்சும் இல்லை. தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்பவர். கிட்டத்தட்ட தினமும் காலை விமானத்தில் பெரிய நகரத்துக்குப் போய் இரவு திரும்புவார். விடிவதற்கு முன்னால் பெட்டியைப் படிக்கட்டில் தடதடவென்று இழுத்துக்கொண்டு இறங்குவார். வயிற்றுப் பிள்ளையோடு தூக்கம் கெட்ட எரிச்சலில் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

மகள் இரண்டு மாதம் முந்திக்கொண்டு பிறந்தாள். மூச்சுத் திணறியவளை, இங்கே வசதி போதாதென்று, ஆம்புலன்ஸில் என் கணவர் அந்தப் பெரிய நகரத்துக்குக் கொண்டுபோனார். ஆபரேஷன் புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சலோடு நான் இங்கேயே கிடந்தேன். தாய்ப்பால்தான் இப்போது அவளுக்கு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாலையில் எட்டு மணி நேரம், விமானத்தில் ஐம்பது நிமிஷம். வேறு வழியில்லாமல் அம்மா மாடி ஏறினாள். முழுக்கக்கூடக் கேட்காமல் சரியென்றாராம் சார்.

ஐம்பது நிமிஷம்தானே என்று நாங்கள்தான் மெத்தனமாக இருந்துவிட்டோம். பீய்ச்சி ஃப்ரீசரில் உறையவைத்த பாலைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, இரண்டு ஐஸ் கட்டி போட்டு அனுப்பினோம். விமான நிலையம் போகிற நேரம், அங்கே காத்துக் கிடக்கிற நேரம், இறங்கியபின் நெரிசலில் ஊர்கிற நேரம் எதுவும் எங்கள் கணக்கில் வரவில்லை. பால் உருகிப்போய்ச் சேர்ந்தது. நர்ஸ் கொட்டிவிட்டாள். நான் அழுதது மாடிவரை கேட்டிருக்க வேண்டும். மறுநாள் சார், மீன் கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி தெர்மாகோல் பெட்டியோடு வந்து நின்றார். தன் பேரிங் மாதிரிகளை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

பால் என்று சொல்லவே அவருக்குக் கூச்சம். 'அந்தச் சாமான்' என்பார். ஒருநாள் விமான நிலையச் சோதனையில், மூடியைத் திறந்து காட்டாவிட்டால் குப்பையில் போடுவேன் என்று ஓர் அதிகாரி அடம்பிடித்தாராம். வரிசையில் பின்னால் நின்ற சாருடைய கம்பெனிக்காரர்தான் பிறகு எங்களிடம் சொன்னார். சார் அத்தனை பேர் நடுவில் குரலை உயர்த்தினாராம்.

"இது தாய்ப்பால். திறந்தா பிள்ளைக்கு ஆகாது. உங்க மேலதிகாரிய வரச்சொல்லுங்க, நான் இங்கேயேதான் நிப்பேன்."

மேலதிகாரி வந்து அவரை உள்ளே அனுப்புவதற்குள் விமானம் போய்விட்டது. அடுத்தது கிளம்பும்வரை சார் கடை கடையாக ஏறி இறங்கி, ஐஸ் கேட்டு வாங்கி நிரப்பினாராம். அன்றும் பால் கல்லாகத்தான் போய்ச் சேர்ந்தது.

புண் ஆறியதும் நானும் அவரோடு விமானம் ஏறினேன். என் பிள்ளை பிழைத்ததில் பாதி இந்த மனுஷனால். அதைச் சொல்ல வாயெடுத்தவள், இறங்கும்வரை அழுதுகொண்டேதான் இருந்தேன். அவர் பாவம், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு வழக்கம்போலக் கிளம்பினார். இத்தனை நாளில் அவர் பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். பெற்றவர்களும் தாத்தா பாட்டியும் மட்டும்தான் வரலாம் என்று நர்ஸ் மறித்தாள்.

"இவர்தான் தாத்தா," என்றேன்.

கல்யாணமே ஆகாத மனுஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார். கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கியவளை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இத்துனூண்டா இருக்கு," என்றார். "அத்தனையும் இதுவா குடிச்சுது?"