சுவிட்சை அணைத்த பிறகும்

வீட்டில் பேய் நடமாட்டம் என்று சந்தேகம் வந்தால் ஜனங்கள் முதலில் பூசாரியைக் கூப்பிடுவார்கள். அவர் போன பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். டெஸ்டரும் கையுமாக அலையும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா!

வாசலில் ஆளில்லை

ஓமலூர் ஜவுளிக்கடை பாய் வீட்டில் காலிங் பெல் தானாக அடித்தது. கதவைத் திறந்தால் யாரும் இல்லை. பயந்துபோன அவர் மனைவி, தாய்வீட்டுக்குப் பை கட்டிவிட்டார். அது ஒயர் இல்லாத பெல். பக்கத்து வீட்டிலும் அதே செட். அங்கே யார் அழுத்தினாலும் இங்கேயும் அடித்திருக்கிறது. பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூணு நாளா ஆளில்லாத வாசலுக்கு ஸலாம் சொல்லிட்டிருந்தேங்க. நல்ல வேளை, உள்ள வாங்கன்னு கூப்பிடல!"

குழாயடியில் அம்மன்

ராசிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீடு. குழாயைத் தொட்ட மருமகளுக்கு உடம்பு உதறியது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று மாமியார் அவள் காலில் விழுந்துவிட்டார். மோட்டாரிலிருந்து குழாய்க்குக் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. எர்த் ஒயர் அறுந்து கிடந்தது. உயிரே போயிருக்கும். சரிசெய்ததும் அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, மாமியார் காதில் விழாமல் கேட்டாள்: "நாலு நாளா என்னைய வாங்க, போங்கன்னு கூப்புட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கக் கூடாதுங்களா?"

சரசக்காவின் அறை

நாமகிரிப்பேட்டை சரசக்கா மஞ்சள் வேக வைக்கும் வேலைக்குப் போயிருந்தபோது, வீட்டில் தனியாகப் படுத்திருந்த கணவர் இறந்துபோனார். காரியம் முடிந்த நாளிலிருந்து, சுவிட்சை அணைத்தாலும் அவர் அறை பல்பில் மங்கலாக வெளிச்சம் நின்றது. தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் தன்னை விட்டு வேலைக்குப் போன கோபத்தில்தான் அவர் போகாமல் இருக்கிறார் என்று அக்கா நம்பிவிட்டார். சோறு இறங்கவில்லை. தினமும் அந்த அறை வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன். கரண்ட் வரும் ஒயரில் இருக்க வேண்டிய சுவிட்ச், நியூட்ரல் ஒயரில் இருந்தது. ஆறு வருடம் முன்பு அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் நானேதான். பழைய குண்டு பல்பு அந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்கவில்லை. துளிக் கரண்ட் கசிந்தாலே மினுங்கும் எல்இடி பல்பைக் காரியத்துக்காக மாட்டியதும் அது காட்டிக்கொடுத்துவிட்டது. பல்புதான் கோளாறு என்று சொல்லிவிட்டால் என் பேர் தப்பிக்கும். பக்கத்தில் அக்காவின் மகன் வேறு நிற்கிறார். ஊரில் எனக்கு வேலை பிடித்துத் தருவதே அவர்தான்.

ஆனால் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயரைக் கையில் காட்டி, "தப்பு என்னுதுங்க அக்கா" என்றேன். ஒயரை மாற்றி, ஜன்னலைச் சாத்தி, அவர் கையாலேயே சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அறை முழு இருட்டானது. மகன் என்னை முறைத்தார். அக்கா அழுது முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீ தப்பாப் பண்ணுனதாவே இருக்கட்டுஞ் சாமி. அவருக்கு எம்மேல கோவமில்லீன்னு ஆச்சல்லோ, அது போதும்."

இத்தனை வருடத் தொழிலில் சரியாகச் செய்த வேலைக்கெல்லாம் திட்டு வாங்கியிருக்கிறேன். கும்பிடு வாங்கித் தந்தது தப்பாகச் செய்த அந்த ஒரு வேலைதான்.