4,116 பேர் இருந்த கருத்துக்களம்

2007 மார்ச் 12, திங்கட்கிழமை, காலை 10.20. காற்றில்லாத வெயில். வாவிக்கு அப்பால், வவுணதீவுப் பக்கமாக, பத்து நிமிடத்துக்குள் பதினேழு ஷெல் சத்தம். நான் இருந்த காத்தான்குடி நெற் கபேயின் கண்ணாடி பதினேழு தரமும் அதிர்ந்தது.

நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாவிக்கு மேற்கே உள்ள வயல் வட்டைகள் அறுபத்திரண்டின் பெயரையும் ஏக்கரையும் வைத்து ஓர் இணையப் பக்கம் செய்திருந்தேன். இணையப் பக்கம் செய்யச் சொல்லித் தரும் புத்தகம் ஒன்றில் உள்ளபடிதான் செய்தேன். திரையில் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் பெட்டிகளாக வந்தன. கேட்க ஆள் வேண்டும். இணையப் பக்கம் செய்வோர் கூடும் தமிழ்க் கருத்துக்களங்கள் மூன்றைக் கண்டேன். அதில் 4,116 உறுப்பினர் இருந்ததைத் தேர்ந்தேன். அத்தனை பேரில் ஒருவருக்காவது தெரியாமலா போகும்?

கேள்வியை மனுப்போல எழுதினேன்: முழுப் பெயர், ஆரையம்பதி விலாசம், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம். சோதனைச் சாவடியில் தினமும் ஒப்புவிக்கும் அதே வரிசை. கீழே அறுபத்திரண்டு வட்டையும்.

பின்னேரம் மனைவியிடம் சொன்னேன்.

"பேரும் நம்பரும் சொல்லாம உங்களுக்குத் தும்மலும் வராதா? சண்டை நடக்கிற பக்கத்துக் காணியெல்லாம் எழுதி, மேல நம்மட வீட்டையும் காட்டிக் குடுத்திட்டு வந்திருக்கீங்களே!"

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசல் படலை அசைந்தாலும் எழுந்தேன். மறுநாள் நெற் கபே திறக்க முன்னமே போய் நின்றேன். ஒரு மணித்தியாலம் கழிந்தால் எழுதியவரே அழிக்க முடியாது என்றது களம். நடத்துபவருக்கு நாலு நாளில் ஆறு தரம் எழுதினேன். பதில் இல்லை.

கடைக்காரர், எட்டு வருடம் கட்டாரில் இருந்து வந்தவர், எட்டிப் பார்த்தார்.

"ஐயா, ஆள் எத்தின எண்டா பாத்தீங்க? கடைசியா எப்ப ஆள் பேசின எண்டு பாருங்க."

பார்த்தேன். எனக்கு முந்திய பதிவு பதினான்கு மாதம் பழையது.

"மையவாடியில செத்தவங்களுக்குச் சலாம் சொல்லலாம் ஐயா, பதில் கேக்கத்தான் ஏலாது."

பிறகு கடைசிப் பதிவின் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு ஏழு களம் பார்த்தேன். ஒன்றில் ஒன்பது நாள். இன்னொன்றில் மூன்று மணித்தியாலம். ஏழாவதில் ஆறு நிமிடத்துக்கு முன்தான் இருவர் ஏதோ கணினி நிரலுக்காகச் சண்டை பிடித்திருந்தார்கள். பெயரில்லாமல் எழுதக் கை கூசியது. 'வட்டை62' என்று புகுந்து, நடந்ததைச் சொன்னேன்.

பதினோராம் நிமிடம் பதில்:

"மச்சான், அந்தக் களம் நடத்தினவன் இப்ப லண்டனில பெற்றோல் செற்றில வேலைக்கு நிக்கிறான். போன் எடுத்துச் சொல்லுறன். பெட்டி வாறதுக்கு, பக்கத்தை யுனிகோட்டில சேமி. அடையாள அட்டை நம்பரை இனி மனிசிக்கும் சொல்லாத."

அறுபத்தாறு வயதில், முகம் தெரியாத ஒருவனுக்கு மச்சான் ஆனேன். கோபம் வரவில்லை.

அடுத்த இரண்டு நாள் கபேயில் இணைய லைன் இல்லை. மூன்றாம் நாள் பழைய களத்தில் என் பதிவைத் திறந்தேன். 'இப்பக்கம் இல்லை' என்றிருந்தது. நம்பாமல் இன்னும் மூன்று தரம் திறந்தேன். பிறகு அதை அச்செடுத்து என் ஆவணக் கோவையில் வைத்தேன். யுனிகோட்டில் சேமித்ததில் வட்டைகளின் பெயர்களும் இப்போது தெளிவாகவே வந்தன. ஆனாலும் அந்த வட்டைப் பக்கத்தை நான் இணையத்தில் ஏற்றவில்லை.

நெற் கபேச் செலவு: நிமிடத்துக்கு ஒரு ரூபாவாக 387 நிமிடம். அச்சுத் தாள் ஒன்று, பத்து ரூபா. மொத்தம் 397 ரூபா.